அழித்த எண் ஏன் திரும்பி வருகிறது? கருவிகளுக்கிடையே ஒத்திசைவு நடக்கும் விதம்

கைபேசியில் நீக்கிய தொடர்பு எண் நான்கு நாள் கழித்துப் பட்டியலில் மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை நீக்கினால், கைபேசியில் இருந்த அதே படங்களும் காணாமல் போகின்றன. முதலாவதில் நீக்கம் நிலைக்கவில்லை. இரண்டாவதில் நீக்கம் கேட்காமலேயே பரவிவிட்டது. எதிரெதிரான இந்த இரண்டு புகார்களுக்கும் வேர் ஒன்றே.

கைபேசி, டேப்லெட், கணினி மூன்றிலும் நம் தரவு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கேட்பது எளிது. புதிதாகச் சேர்த்ததை மற்றக் கருவிகளுக்குச் சொல்வதும் அவ்வளவு கடினமில்லை. நீக்கியதைச் சொல்வதில்தான் ஒத்திசைவின் முடிச்சு விழுகிறது. அந்த முடிச்சைப் புரிந்துகொண்டால், மற்றக் குழப்பங்களில் பாதி தானாகவே அவிழும்.

## முதலில் மூன்று சொற்கள்

பேச்சில் இவை மூன்றையும் கலந்துவிடுகிறோம். செய்யும் வேலையோ வெவ்வேறு.

1. நகலெடுத்தல்: ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் ஒருமுறை படியெடுத்து வைப்பது. அதன்பின் இரண்டு பிரதிகளுக்கும் உறவு கிடையாது.

2. காப்பு நகல்: ஒரு குறிப்பிட்ட நாளில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைப்பது. மூலத்துக்குப் பின்னர் என்ன நேர்ந்தாலும் இது மாறக் கூடாது. பழையதாக இருப்பதுதான் இதன் மதிப்பு.

3. ஒத்திசைவு: எந்தப் பிரதியில் மாற்றம் நடந்தாலும் மற்றப் பிரதிகளும் அதற்கேற்ப மாறுவது. பழையதாக இருப்பது இங்கே பிழை.

இரண்டாவதும் மூன்றாவதும் நேரெதிர் நோக்கம் கொண்டவை. ஆனால் பல செயலிகளின் அமைப்புத் திரையில் இரண்டும் ஒரே பொத்தானுக்குள் ஒளிந்திருக்கின்றன. ‘உங்கள் படங்கள் பத்திரமாக உள்ளன’ என்று திரையில் வரும் வாசகம் எந்தப் பொருளில் சொல்லப்படுகிறது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

## தாங்கியில் ஒற்றைப் பொத்தான்

1996-இல் பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கருவி வந்தது. தொட்டில் போன்ற ஒரு தாங்கியில் அதை வைத்தால், கம்பி வழியாகக் கணினியோடு இணையும். தாங்கியில் ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முகவரிகள், நாள்காட்டி, குறிப்புகள் எல்லாம் இரு பக்கமும் சமமாகிவிடும். ஹாட்சிங்க் என்று அதற்குப் பெயர்.

உள்ளே நடந்தது இதுதான். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ‘திருத்தப்பட்டது’, ‘நீக்கப்பட்டது’ என்று காட்டும் சிறு கொடிகள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் கொடி ஏறிய பதிவுகள் மட்டும் கணினிக்குப் போகும். வேலை முடிந்ததும் கொடிகள் இறக்கப்படும். மெதுவான கம்பியில் இதைவிடச் சிக்கனமாகச் செய்வது கடினம்.

ஆனால் அதே கருவியை அலுவலகக் கணினியோடு ஒருமுறை, வீட்டுக் கணினியோடு ஒருமுறை இணைத்தால் கணக்கு கெட்டது. அலுவலகத்தில் கொடிகள் இறக்கப்பட்டுவிட்டன. எதெல்லாம் மாறியது என்று வீட்டுக் கணினிக்குத் தெரிய வழியில்லை. அதனால் எல்லாப் பதிவுகளையும் அனுப்பி, ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருந்தது. ‘மெதுவான ஒத்திசைவு’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு இடையில் ஒரு கொடி போதும். மூன்றாமவர் வந்துவிட்டால், யாருக்கு எதுவரை தெரியும் என்று ஆளுக்கொரு கணக்கு எழுத வேண்டும்.

இதற்கு ஒரு விடை அதற்குப் பத்தாண்டு முன்பே மின்னஞ்சல் உலகில் பிறந்திருந்தது. 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ஐமேப் நெறிமுறையில் (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை), அஞ்சல்பெட்டி சேவையகம் (சர்வர்) என்ற மையக் கணினியிலேயே இருக்கும். கருவிகள் அதைப் பார்வையிடும். ஒரு கடிதத்தைக் கணினியில் படித்தால், ‘படித்தாயிற்று’ என்ற குறி சேவையகத்தில் விழும். அடுத்த கருவியும் அதையே காட்டும். பழைய பாப் முறையோ கடிதத்தைக் கருவிக்கு இறக்கிக்கொள்வதோடு சரி. எது படித்தது, எது படிக்காதது என்பது அந்தக் கருவியோடு நின்றுவிடும்.

இன்றைய கிளவுட் சேவைகள் பெரும்பாலும் ஐமேப் காட்டிய வழியில் நடப்பவை. நடுவில் ஒரு சேவையகம். ஒவ்வொரு கருவியும் அதனோடு மட்டும் ஒத்துப்போனால் போதும். ஐந்து கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொண்டால் பத்து உறவுகளைப் பராமரிக்க வேண்டும். நடுவர் ஒருவர் இருந்தால் ஐந்தே போதும். நாள்காட்டிக்கான கேல்டேவ் நெறிமுறை 2007-இலும், தொடர்புகளுக்கான கார்ட்டேவ் 2011-இலும் பொது நெறிமுறைகளாக வெளிவந்தன. கோப்புகளுக்கு டிராப்பாக்ஸ் 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆப்பிளின் ஐகிளவுட் 2011-இல் தொடங்கியது.

## இல்லாததைக் கண்டுபிடிப்பது

இப்போது நடுவர் இருக்கிறார். சிக்கல் தீர்ந்ததா?

கைபேசியில் 200 தொடர்புகள், டேப்லெட்டில் 199 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு பெயர் கைபேசியில் மட்டும் இருக்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: அந்தப் பெயர் கைபேசியில் இன்று புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டிலும் இருந்து, டேப்லெட்டில் நீக்கப்பட்டிருக்கலாம். முதலாவது உண்மையானால் டேப்லெட்டில் சேர்க்க வேண்டும். இரண்டாவது உண்மையானால் கைபேசியில் நீக்க வேண்டும். இரண்டு பட்டியல்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது சரி என்று சொல்லவே முடியாது. சேர்த்த பொருள் தன் அடையாளத்தோடு நிற்கிறது. நீக்கிய பொருளோ தடயமில்லாமல் போய்விட்டது.

ஆகவே நீக்கத்தையும் ஒரு பதிவாக எழுதி வைக்க வேண்டும். ‘இந்த எண்ணுடைய பதிவு நீக்கப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு, பதிவு இருந்த இடத்திலேயே நிற்கும். பொறியாளர்கள் இதைக் கல்லறைக்கல் என்று அழைக்கிறார்கள். இறந்தவர் இங்கே இருந்தார் என்று கல் சொல்வதைப் போல, பதிவு இங்கே இருந்தது என்று அது சொல்லும். திரையில் நமக்குத் தெரியாது. ஒத்திசைவு நிரலுக்கு மட்டும் தெரியும். நாம் ‘நீக்கு’ என்று அழுத்தும்போது பெரும்பாலும் ஒன்று அழிவதில்லை, ஒன்று எழுதப்படுகிறது.

கல்லறைக்கற்களை எத்தனை நாள் வைத்திருப்பது? என்றென்றும் வைத்தால் பத்தாண்டில் உயிருள்ள பதிவுகளைவிடக் கற்களே அதிகமாகிவிடும். அதனால் ஒரு காலக்கெடு முடிந்ததும் சேவையகங்கள் அவற்றைத் துடைத்துவிடுகின்றன. இங்கேதான் திரும்பி வந்த எண்ணின் கதை தொடங்குகிறது:

1. ஒரு பழைய டேப்லெட் பல மாதங்கள் மேசை இழுப்பறையில் அணைந்து கிடக்கிறது. அதில் அந்த எண் இன்னும் இருக்கிறது.

2. இடையில் கைபேசியில் எண் நீக்கப்பட்டது. சேவையகம் கல்லறைக்கல்லை நட்டது. கெடு முடிந்ததும் அதை அகற்றியும்விட்டது.

3. ஒருநாள் யாரோ டேப்லெட்டுக்கு மின்னேற்றி இயக்குகிறார்கள். தன்னிடம் இருக்கும் எண் சேவையகத்தில் இல்லை என்று டேப்லெட் காண்கிறது. நீக்கப்பட்டதற்குச் சாட்சியும் இல்லை. ஆகவே அது புதிய எண் என்று முடிவு செய்து மேலே அனுப்புகிறது.

4. சேவையகம் அதை வாங்கி எல்லாக் கருவிகளுக்கும் பரப்புகிறது.

யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு படியும் தனக்குத் தெரிந்தவரை நியாயமாகவே நடந்திருக்கிறது.

கவனமாக எழுதப்பட்ட அமைப்புகள் இதற்கு ஒரு கடுமையான விதியை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு ஒத்திசைவின் முடிவிலும் சேவையகம் கருவிக்கு ஓர் அடையாளச் சீட்டு தரும்: ‘இதுவரை உனக்குச் சொல்லியாயிற்று.’ அடுத்த முறை கருவி அதைக் காட்டினால், அதற்குப் பின் நடந்தவை மட்டும் வரும். மிகப் பழைய சீட்டைக் காட்டினால் சேவையகம் ஏற்க மறுக்கும். கூகுள் நாள்காட்டியின் நிரலிடைமுகம் (பிற நிரல்கள் அதனோடு பேசும் வாசல்) இந்த நிலையில் 410 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அதற்குப் பொருள்: உன்னிடம் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு, முதலிலிருந்து இறக்கிக்கொள். இந்தக் கண்டிப்பு இல்லாத செயலிகளில்தான் செத்தவை எழுந்து நடக்கின்றன.

சில அமைப்புகள் இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதும் உண்டு. அமேசான் பொறியாளர்கள் 2007-இல் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். வாங்குவோரின் கூடையில் நீக்கிய பொருள் சில வேளைகளில் மீண்டும் தோன்றலாம் என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். கூடையில் சேர்த்த பொருள் தொலையவே கூடாது என்பது அவர்களுடைய முன்னுரிமை. நீக்கியது திரும்பினால் வாடிக்கையாளர் இன்னொரு முறை நீக்கிக்கொள்வார். சேர்த்தது தொலைந்தால் வணிகம் போகும். தொழில்நுட்ப முடிவு போலத் தோன்றினாலும் இது யாருடைய இழப்பு பொறுத்துக்கொள்ளத்தக்கது என்ற முடிவுதான்.

## எது முந்தியது?

நீக்கத்துக்கு அடுத்த தலைவலி முரண். விமானப் பயன்முறையில் இருக்கும் டேப்லெட்டில் ஒருவரின் எண்ணைத் திருத்துகிறீர்கள். அதே நேரம் கைபேசியில் அவருடைய மின்னஞ்சலை மாற்றுகிறீர்கள். இரண்டும் பின்னர் சேவையகத்தை அடைகின்றன. எதை ஏற்பது?

கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றுதான் முதலில் தோன்றும். கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கருவி ஒவ்வொரு போட்டியிலும் ஜெயிக்கும். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய ஆய்வுரை இந்தத் துறையின் அடிக்கல். தொலைவில் இருக்கும் கணினிகளுக்கிடையே ‘எத்தனை மணிக்கு’ என்ற கேள்வியைவிட ‘எதைத் தெரிந்துகொண்ட பின் எது நடந்தது’ என்ற கேள்விதான் நம்பத்தக்கது என்று அவர் காட்டினார். மணி பார்க்காமல் எண்ணிக்கையை வைத்தே வரிசையைக் கண்டறியலாம்.

சிறிய எண்களில் பார்ப்போம். ஒரு பதிவின் மீது கைபேசி செய்த திருத்தங்கள் 2, டேப்லெட் செய்தவை 1 என்று இருவருக்கும் தெரியும். இதை (2, 1) என்று எழுதலாம். இணைப்பு அறுந்த நிலையில் கைபேசி ஒன்று திருத்தினால் (3, 1). டேப்லெட் ஒன்று திருத்தினால் (2, 2). இரண்டையும் அருகில் வைத்தால் முதல் எண்ணில் கைபேசி முந்துகிறது, இரண்டாம் எண்ணில் டேப்லெட் முந்துகிறது. எதுவும் மற்றொன்றை முழுமையாக உள்ளடக்கவில்லை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் திருத்தியிருக்கிறார்கள். இது உண்மையான முரண். மாறாக, டேப்லெட் (3, 2) என்று வந்திருந்தால், அது கைபேசியின் திருத்தத்தைப் பார்த்த பின்பே எழுதியிருக்கிறது, கேள்வியின்றி ஏற்கலாம்.

முரண் என்று தெரிந்த பின் செய்யக்கூடியவை மூன்று.

1. கடைசியாக வந்தது வெல்லும். செய்வதற்கு மிக எளிது. தோற்றவரின் திருத்தம் சத்தமில்லாமல் மறையும்.

2. இரண்டையும் வைத்துக்கொள்வது. கோப்பின் பெயரோடு ‘முரண் நகல்’ என்ற ஒட்டோடு இன்னொரு கோப்பு முளைப்பது இதனால்தான். பார்ப்பதற்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் எதுவும் தொலையவில்லை.

3. உள்ளே புகுந்து இணைப்பது. எண்ணை ஒரு கருவியிலும் மின்னஞ்சலை இன்னொன்றிலும் மாற்றியிருந்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். ஒரே ஆவணத்தில் பலர் தட்டச்சு செய்யும் எழுத்துச் செயலிகளுக்கு 1989-இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் ஒரே முடிவைத் தரும்படி தரவின் அமைப்பையே வகுத்துவிடும் முறைக்கு 2011-இல் மார்க் ஷப்பீரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் முறையான வரையறை கொடுத்தார்கள்.

என் கணிப்பில் முதல் வழிதான் மோசமானது. பரவலாக இருப்பதும் அதுவே. முரண் நகல்களைக் குப்பை என்று திட்டுகிறோம். ஆனால் அவை நேர்மையானவை: ‘எனக்குத் தெரியவில்லை, நீங்களே பாருங்கள்’ என்கின்றன. மூன்றாம் வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சந்திப்பின் நேரத்தைக் கைபேசியில் மாலைக்குத் தள்ளுகிறீர்கள். காலையில் மட்டும் திறந்திருக்கும் ஓர் அறைக்கு அதே சந்திப்பின் இடத்தை மனைவியோ கணவரோ டேப்லெட்டில் மாற்றுகிறார். கணினி இரண்டையும் அழகாக இணைத்துவிடும். பூட்டிய அறை முன் நிற்கப்போவது நீங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் ஏன் முற்றாகத் தீர்க்கவில்லை என்று கேட்கலாம். எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் நிறுவிய ஒரு தேற்றம் அதற்குத் தடை. இணைப்பு அறுந்திருக்கும்போது, கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த விடுவது ஒன்று, எல்லாப் பிரதிகளும் எப்போதும் ஒரே பதிலைத் தருவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. சுரங்கப்பாதையில் போகும் ரயிலிலும் குறிப்பு எழுத வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அப்படியானால் முரண்களோடு வாழத்தான் வேண்டும்.

## கோப்புகள்: துண்டுகளும் கைரேகைகளும்

தொடர்புகளும் நாள்காட்டியும் சிறு பதிவுகள். கோப்புகள் பெரியவை. ஒரு ஜிபி கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்புவது வீண்.

டிராப்பாக்ஸ் கோப்புகளை 4 எம்பி துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணிதக் கைரேகை கணக்கிடப்படும். துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். ஒரு ஜிபி கோப்பு 256 துண்டுகள். இருபுறமும் கைரேகைகளை ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பினால் 4 எம்பியோடு வேலை முடிந்தது.

கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் செருகினால்? அதற்குப் பின்னுள்ள எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். எல்லாத் துண்டுகளின் எல்லையும் நகர்ந்துவிடும். எந்தக் கைரேகையும் பொருந்தாது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் நிரல் இதற்கு ஓர் உத்தியைப் பயன்படுத்தியது. கைரேகையை ஒவ்வோர் இடமாக நகர்த்தி நகர்த்தி மலிவாகக் கணக்கிட்டு, பழைய துண்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று அது கண்டுபிடிக்கும்.

எந்த உத்தியும் பலிக்காத கோப்புகளும் உண்டு. கடவுச்சொல் போட்டுச் சுருக்கிய கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் முற்றிலும் வேறாகிவிடும். திறந்த நிலையில் இருக்கும் தரவுத்தளக் கோப்பு இன்னும் ஆபத்தானது. அதன் பாதி எழுதப்பட்டிருக்கும்போதே ஒத்திசைவு நிரல் படமெடுத்து அனுப்பினால், மறுபக்கம் போய்ச்சேர்வது சிதைந்த கோப்பு. கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பை ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறப்பவர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

## ‘கொள்முதல்’ என்று இரண்டு கோப்புகள்

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ‘கொள்முதல்’ என்று ஒரு கோப்பு. அதன் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் ஒருங்குறித் தரம் (யூனிகோடு) இரண்டும் சமம் என்றே சொல்கிறது. திரையிலும் அச்சிலும் துளி வேறுபாடு தெரியாது. ஆனால் பரவலான யுடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட்.

மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் மாற்றிச் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கும். இரண்டு வடிவங்களையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதும். இதைக் கணக்கில் கொள்ளாத ஒத்திசைவு நிரல், மேக்கிலிருந்து வந்த ‘கொள்முதல்’ வேறு, விண்டோஸில் இருந்த ‘கொள்முதல்’ வேறு என்று இரண்டு கோப்புகளை அருகருகே வைக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்லவும் முடியாது. 2017-இல் மேக்கில் வந்த புதிய கோப்பு முறைமை எழுதியவாறே சேமித்து, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. பழைய வட்டுகளும் பழைய நிரல்களும் புழக்கத்தில் இருக்கும்வரை இந்தத் தொல்லை முற்றிலும் ஒழியாது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். ஒத்திசைவுக் கோப்புறையில் ஒரே பெயரில் இரட்டைக் கோப்புகள் தெரிந்தால், பெயரில் கொம்பும் காலும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஆங்கிலப் பெயர்களில் இதற்கு இணையான தொல்லை பெரிய எழுத்து, சிறிய எழுத்து. லினக்ஸ் அவற்றை வேறுபடுத்தும். விண்டோஸ் வழக்கமாக வேறுபடுத்தாது.

## கைபேசி ஏன் தாமதிக்கிறது?

கணினியில் சேமித்த குறிப்பு கைபேசியில் உடனே தெரிவதில்லை. காரணம் மின்கலம். செயலிகள் பின்னணியில் எப்போதும் விழித்திருந்தால் மின்னேற்றம் நாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு 6 பதிப்பில், 2015-இல், அசையாமல் கிடக்கும் கைபேசியின் செயலிகளை உறங்க வைக்கும் வசதி வந்தது. ஐஃபோனும் பின்னணி வேலையைத் தானே அளந்துதான் அனுமதிக்கிறது. ‘ஒத்திசைந்தது’ என்று திரையில் பார்க்கும் சொல், கடைசியாகச் செயலி விழித்திருந்த நேரத்தைப் பற்றியது. அவசரமென்றால் செயலியைத் திறந்து சில வினாடி முன்னால் வைத்திருங்கள்.

## தெரிகிறது, ஆனால் இல்லை

2017-இல் விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவ் வழியாக ஒரு வசதி வந்தது. கோப்பின் பெயரும் சின்னமும் கணினியில் தெரியும். உள்ளடக்கம் சேவையகத்தில் இருக்கும். தட்டினால் இறங்கும். ஐகிளவுட் படங்களில் ‘சேமிப்பகத்தை மேம்படுத்து’ என்ற தெரிவும் இதைத்தான் செய்கிறது: கைபேசியில் சிறு வடிவம், மூலப்படம் தொலைவில்.

இட நெருக்கடிக்கு நல்ல தீர்வு. ஆனால் பழைய பழக்கத்தில், கணினியில் இருப்பதையெல்லாம் வெளி வட்டில் ஏற்றிவிட்டேன் என்று நினைப்பவர், நிழல்களை மட்டும் ஏற்றியிருக்கக்கூடும். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது புகாரும் இங்கேதான் பிறக்கிறது. இடத்தைக் காலி செய்ய வேண்டுமானால் ‘இந்தக் கருவியிலிருந்து அகற்று’ என்ற கட்டளை வேண்டும். ‘நீக்கு’ என்றால் அது எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி. இரண்டு கட்டளைகளும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வடிவமைப்பாளர்களின் குற்றம் என்றே சொல்வேன்.

## நடுவர் படிக்கலாமா?

சேவையகம் நம் தரவைப் படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்வது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில் மாற்றுவது, இன்று பரவலான நடைமுறை. ஆனால் சேவையகத்தில் அதைத் திறக்கும் சாவி சேவை நிறுவனத்திடம் இருந்தால், நிறுவனம் படிக்கலாம். சட்டப்படி கேட்டால் கொடுக்கவும் நேரலாம். முனைக்கு முனை மறையாக்கத்தில் சாவி கருவிகளிடம் மட்டும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஒத்திசைவு இந்த வகை. ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுட்டின் பெரும்பகுதிக்கு இதை ஒரு தெரிவாகக் கொண்டுவந்தது. அப்போதும் அஞ்சல், தொடர்புகள், நாள்காட்டி மூன்றையும் விட்டுவிட்டது; வெளி நெறிமுறைகளோடு அவை பேச வேண்டியிருப்பது காரணம். 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் இந்தத் தெரிவைத் திரும்பப் பெற்றது.

அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. படிக்க முடியாத நடுவரால் முரண்களைத் தீர்க்கவும் முடியாது. பூட்டிய பெட்டிகளை வாங்கிக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை. இணைக்கும் வேலை முழுவதும் கருவிகளின் தலையில் விழுகிறது. சாவி தொலைந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. அந்தரங்கம் கூடினால் மீட்பு கடினமாகும். இது பேரம் பேச முடியாத விலை.

## ஒத்திசைவை நம்பிக் காப்பு நகலை விட்டவர்கள்

2009 அக்டோபரில் அமெரிக்காவில் சைட்கிக் கைபேசி வைத்திருந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. அந்தக் கைபேசியின் தொடர்புகள், நாள்காட்டி, படங்கள் ஆகியவற்றின் மூலப்பிரதி மைக்ரோசாஃப்டின் துணை நிறுவனமான டேஞ்சரின் சேவையகத்தில் இருந்தது. அந்தச் சேவையகம் பழுதானது. தரவு அநேகமாகப் போய்விட்டது என்று முதலில் அறிவித்தார்கள். பெரும்பகுதியை மீட்டுவிட்டோம் என்று சில நாட்களில் வேறு அறிவிப்பு வந்தது. நடுவர் ஒருவரையே நம்பும் அமைப்பில், நடுவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு.

பழுதான சேவையகத்தைவிட அடிக்கடி நடப்பது, சரியாக வேலை செய்யும் ஒத்திசைவு. தவறி நீக்கினாலும், தீநிரல் கோப்புகளைப் பூட்டினாலும், அந்த மாற்றம் விசுவாசத்தோடு எல்லாக் கருவிகளுக்கும் போகும். நமக்கும் முழு இழப்புக்கும் இடையில் இருப்பது குப்பைத்தொட்டி மட்டுமே. கூகுள் டிரைவில் அதற்கு 30 நாள். கூகுள் போட்டோஸில் சேவையகத்துக்கு ஏற்றிய படங்களுக்கு 60 நாள். ஐகிளவுட் படங்களில் 30 நாள். தொலைந்ததை இரண்டு மாதம் கழித்துக் கவனிப்பவருக்கு இவற்றால் பயனில்லை.

ஆகவே தொடர்புகளையும் நாள்காட்டியையும் அவ்வப்போது கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒத்திசைவு தொடாத ஓரிடத்தில் வையுங்கள். விகார்டு, ஐகேலண்டர் என்ற பொது வடிவங்களைப் பல செயலிகள் ஏற்கின்றன. வேறு சேவைக்கு மாறும் நாளிலும் இவையே கைகொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20-ஆம் பிரிவு, தன் தரவைப் பெயர்த்துக் கொண்டுபோகும் உரிமையைத் தருகிறது. நடுவரே வேண்டாம் என்பவர்களுக்குக் கருவிகளை நேரடியாகப் பேச வைக்கும் சிங்க்திங் போன்ற திறமூல நிரல்கள் இருக்கின்றன. நடுவரைத் தானே நடத்திக்கொள்ள நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. பராமரிப்புப் பொறுப்பு அப்போது நம்முடையது. எல்லோருக்கும் அது ஏற்றதில்லை.

## பத்து நிமிடச் சோதனை

எந்தச் சேவையையும் நம்புவதற்கு முன் அதன் குணத்தை நீங்களே பார்த்துவிடலாம்.

1. ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு தொடர்பை உருவாக்குங்கள். இரண்டு கருவிகளிலும் அது தெரியும்வரை பொறுங்கள்.

2. இரண்டையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஒன்றில் எண்ணைத் திருத்துங்கள். மற்றதில் மின்னஞ்சலைத் திருத்துங்கள்.

3. முதலில் ஒன்றை இணையத்தோடு இணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மற்றதை இணையுங்கள். இரண்டு திருத்தங்களும் நின்றால் உங்கள் சேவை புலம் புலமாக இணைக்கிறது. ஒன்று மட்டும் நின்றால், கடைசியாக வந்தது வென்றிருக்கிறது.

4. மீண்டும் விமானப் பயன்முறை. இந்த முறை ஒன்றில் தொடர்பை நீக்குங்கள். மற்றதில் எண்ணைத் திருத்துங்கள். நீக்கிய கருவியை முதலில் இணையுங்கள், திருத்தியதைப் பின்னர்.

‘சோதனை’ மறைந்துவிட்டதா, திருத்திய எண்ணோடு எழுந்து நிற்கிறதா? மறைந்தால் உங்கள் சேவை நீக்கத்தின் பக்கம் சாய்கிறது. திருத்தம் போனாலும் பரவாயில்லை என்கிறது. எழுந்து நின்றால், நான்கு நாள் கழித்து வந்து உட்கார்ந்த அந்த எண் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும் என்று இனி நீங்களே ஊகிக்கலாம். இழுப்பறையில் கிடக்கும் பழைய டேப்லெட்டை அடுத்த முறை இயக்கும்போது, இணையத்தோடு இணைப்பதற்கு முன் அதிலிருந்து கணக்கை வெளியேற்றிவிட்டு, பிறகு மீண்டும் உள்நுழையுங்கள்.